காலை இரண்டு, மதியம் பதிமூன்று

என் தங்கை ஜூலியாவுக்குக் குழப்பம் என்பது ஜலதோஷம் மாதிரி. வரும், போகும், மறுபடியும் வரும். ஹோட்டலில் உட்கார்ந்தால் மசால் தோசையா செட் தோசையா என்று சர்வர் நொந்துபோகிறவரைக்கும் யோசிப்பாள். கடைசியில் நான் சொன்னதையே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து மேசைத் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். இவள் விஞ்ஞானி ஆகப்போகிறாள் என்று மம்மி அல்சூர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

எங்கள் வீடு அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஏரிக்கு நடந்தே போகிற தூரத்தில் இருக்கிறது. டாடி தியோடர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். மம்மி மௌரீன் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். நான் ரயான், ஏ.சி. மெக்கானிக். பி.யூ.சி.யோடு, அதாவது பிளஸ் டூவோடு, படிப்புக்குப் பெரிய கும்பிடு போட்டவன். ஆகவே கெமிஸ்ட்ரி பற்றி நான் சொல்வதெல்லாம் ஜூலியா சொல்லிக் கேட்டது. தப்பு இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

அவள் கெமிஸ்ட்ரி எடுத்ததே குழப்பத்தில்தான். டாக்டர் படிப்புக்கு எழுதிய பரீட்சையில் மார்க் வரவில்லை. பி.எஸ்ஸி. சேரலாம் என்று காலேஜுக்குப் போனாள். சர்ட்டிஃபிகேட் சரிபார்க்கிற இடத்தில் பாட்டனிக்கு நீளமான வரிசை, கெமிஸ்ட்ரிக்குச் சின்ன வரிசை. வெயில் அதிகம் என்று சின்ன வரிசையில் நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து, "தப்பான லைன்ல நின்னுட்டேனோ?" என்று கேட்டாள். மூன்று வருஷமும் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனால் லேப் மட்டும் அவளுக்குப் பிடித்திருந்தது. பியூரெட் என்று ஒன்று இருக்கிறதாம். நீளமான கண்ணாடிக் குழாய், பக்கத்தில் கோடு கோடாக அளவு, கீழே ஒரு திருகு. அதிலிருந்து ஒரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக இன்னொரு திரவத்தில் விடவேண்டும். நிறம் மாறுகிற அந்தச் சொட்டில் நிறுத்திவிட்டு, எத்தனை மில்லி இறங்கியது என்று படிக்கவேண்டும். இதை மூன்று தடவை செய்யவேண்டும். மூன்று தடவையும் ஒரே அளவு வரவேண்டும்.

வராவிட்டால் மேடம் ரெக்கார்டில் கையெழுத்துப் போடமாட்டார். நேரம் முடிந்ததும் லேபைப் பூட்டிவிடுவார்கள். அதனால் பிள்ளைகள் முதல் தடவை கவனமாகச் செய்வார்கள், இரண்டாவது தடவை அவசரமாகச் செய்வார்கள், மூன்றாவது தடவை குழாயைப் பார்க்காமலே அதே எண்ணைச் சொல்லிவிடுவார்கள். பத்து புள்ளி இரண்டு, பத்து புள்ளி இரண்டு, பத்து புள்ளி இரண்டு. வகுப்பு முழுக்க இதுதான் நடக்குமாம். அவர்களுக்கு முந்தின வகுப்பும் இப்படித்தானாம்.

"இது ஏமாத்துறது இல்லையாடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூணும் ஒண்ணா வரணும் ரயான். வரலைன்னா நம்ம கைதான் தப்பு பண்ணியிருக்கு. தப்பைத் திருத்துறது எப்படி ஏமாத்துறதாகும்?"

அதற்குமேல் நான் கேட்கவில்லை. படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி வருஷப் பரீட்சை முடிந்த கையோடு அவளுக்கு ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் கோடை லீவுக்கு மட்டும் வேலை பழக இடம் கிடைத்தது. சம்பளம் இல்லை, பழகலாம், அவ்வளவுதான். நஞ்சுண்டா சார் என்று ஒரு விஞ்ஞானி. அவருக்குக் கீழே அனுஷா என்கிற பிஎச்.டி. மாணவி. ஏரித் தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்ஸிஜனை அளப்பது அவர்கள் வேலை, அதுவும் எங்கள் அல்சூர் ஏரியில். ஜூலியாவை மார்க்கைப் பார்த்து எடுத்தார்களா, வீட்டு விலாசத்தைப் பார்த்து எடுத்தார்களா என்பதில் அவளுக்கு ஒரு புதுக் குழப்பம்.

அனுமதி வாங்கி, படகுத் துறைப் பக்கமிருந்து தண்ணீர் எடுக்கவேண்டும். காலையில் ஒரு தடவை, வெயில் உச்சியில் இருக்கும்போது ஒரு தடவை. கயிறு கட்டின பாட்டிலை இறக்க ஒரு ஆள் தேவை. அந்த ஆள் நான். கோடைக்காலத்து மதியத்தில் ஒரு ஏ.சி. மெக்கானிக்கை ஏரிக்கரைக்கு இழுக்கிறவள் என் தங்கையாகத்தான் இருக்கமுடியும். கஸ்டமர்கள் போனில் காட்டுக் கத்தலாகக் கத்துவார்கள். "டிராஃபிக் சார், ஐந்து நிமிஷம் சார்" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை விடுவேன்.

பாட்டிலில் ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக்கூடாது. மூடுவதற்கு முன் அவள் இரண்டு மருந்தை அங்கேயே விடுவாள். உடனே உள்ளே புகை மாதிரி ஒரு வண்டல் கிளம்பி மெல்ல இறங்கும். தண்ணீரில் ஆக்ஸிஜன் அதிகமாக இருந்தால் அந்த வண்டல் பழுப்பாகும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். காலை பாட்டில் மோர் மாதிரி வெளுத்திருக்கும். மதியப் பாட்டில் டிகாஷன் மாதிரி கறுத்திருக்கும். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. காலையில் மோர் கொடுக்கிற ஏரி மதியம் காபி கொடுக்கிறது என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. பாட்டிலையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் அவள் படித்த புத்தகம். இந்த ஊர் உயரத்துக்கும் இந்த வெயிலுக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏழு, ஏழரை மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் நிற்காது என்று அதில் அட்டவணை போட்டிருக்கிறதாம். லேபுக்குக் கொண்டுபோய் பியூரெட்டில் பார்த்தால் காலைத் தண்ணீரில் இரண்டுதான் வருகிறது. மதியத் தண்ணீரில் பதிமூன்று வருகிறது. இரண்டுமே புத்தகத்தோடு ஒட்டவில்லை.

லேபில் இந்த மூலையில் ஜூலியா பியூரெட்டைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்லவேண்டும், அந்த மூலையில் அனுஷா கம்ப்யூட்டரில் அடிப்பாள். முதல் நாள் ஜூலியா உண்மையாகத்தான் சொன்னாள்.

"பதிமூணு புள்ளி ஒண்ணு."

அனுஷா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஹே, அவ்ளோ எல்லாம் வராதுப்பா. குமிழி போயிருக்கும். சரியா பாரு" என்றாளாம்.

ஜூலியா சரியாகப் பார்த்தாள். குழாயில் பதிமூன்றேதான் இருந்தது. ஆனால் குமிழி போகவிட்டவள் என்று பெயர் வாங்க அவளுக்குப் பயம். மூன்று வருஷம் பழகின வாய், தானாகத் திறந்தது.

"ஸாரி. ஏழு புள்ளி நாலு."

"ஹா, அப்படி சொல்லு" என்று அனுஷா அடித்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். அதற்குப்பிறகு எல்லாத் தண்ணீரிலும் ஏழு சொச்சம்தான் வந்தது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஜூலியா மனசாட்சிக்கு ஒரு கணக்கும் வைத்திருந்தாள். காலை இரண்டையும் மதியம் பதிமூன்றையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஏழரை. புத்தகத்தில் இருப்பதும் கிட்டத்தட்ட அதுதான். அப்படியென்றால் தன் கை ஒரு தடவை இந்தப் பக்கமும் ஒரு தடவை அந்தப் பக்கமும் பிசகுகிறது, நடுவில் இருப்பதுதான் நிஜம் என்று முடிவு கட்டிவிட்டாள். காலையில் பட்டினி, மதியம் அஜீரணம், சராசரி பார்த்தால் ஆள் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார். இதுதான் அவள் கணக்கு. அப்போது என்னிடம் சொல்லியிருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

வேலை பழகுகிற காலம் முடிகிற நேரத்தில் நஞ்சுண்டா சார் எல்லா எண்ணையும் பார்த்தார். ரொம்பச் சுத்தமான வேலை என்றார். இத்தனை ஒழுங்காக எண் கொண்டுவந்த பிள்ளையைத் தான் பார்த்ததில்லை என்றார். ஏரி ஆரோக்கியமாக இருக்கிறது, இனிமேல் இங்கே பார்க்க ஒன்றும் இல்லை, இந்த ஆராய்ச்சியை மூடிவிடலாம் என்றும் சொன்னார். ஜூலை மாதம் வேறு ஒரு ஆராய்ச்சி தொடங்குகிறது, அதில் உதவியாளராக அவளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். சம்பளத்தோடு. அங்கேயே இருந்து தயாராகி, மேல்படிப்புக்கு, பிஎச்.டி.க்கு என்று போகலாம். தெரிந்தவர் சிபாரிசு எதுவும் இல்லாத எங்கள் மாதிரி வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கட்டடத்துக்குள் நுழைய இதைவிட வேறு வழி கிடையாது.

அந்த வாரத்திலேயே டாடியின் நண்பர் ஜெயராமன் அங்கிள் போன் செய்தார். அத்திபெலேயில் ஒரு மருந்துக் கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸில் இருக்கிறார். அங்கே மருந்தைச் சோதித்துப் பார்க்கிற வேலைக்கு ஜூலியாவைச் சொல்லிவைத்திருந்தார். இடம் காலியாகிவிட்டது, வந்து சேரச் சொல்லுங்கள் என்றார். ஜூலியா யோசிக்க ஆரம்பித்தாள். அவள் யோசித்து முடிக்கிறதற்குள் கம்பெனியே மூடிவிடும் என்று மம்மி போனைப் பிடுங்கினாள்.

"வேணாங்கண்ணா. அவளுக்குப் பெரிய இடத்துல ஆயிடுச்சு. நீங்க வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

அந்த வேலை நீலசந்திராவில் இருக்கிற சோனியா என்கிற பெண்ணுக்குப் போனது. அந்தக் கதவை மம்மியே சாத்தினாள்.

அதோடு விட்டாளா? ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்துவிட்டாள். எங்கள் சபை பெரிய கோயில் இல்லை, ஒரு ஹார்ட்வேர் கடைக்கு மேலே இருக்கிற ஹால். ஆராதனையின் நடுவில் சாட்சி நேரம் என்று உண்டு. யாருக்கு என்ன நன்மை கிடைத்ததோ அதை எழுந்து நின்று எல்லோருக்கும் முன்னால் சொல்லவேண்டும். அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. முதலில் கஷ்டத்தைச் சொல்லவேண்டும், அப்புறம் ஜெபித்ததை, அப்புறம் கிடைத்ததை. சபை முழுக்க ஸ்தோத்திரம் என்று சொல்லும், உட்கார்ந்துவிடலாம். கிடைக்காதவர்கள் எழுந்திருப்பதில்லை. கிடைக்கிறவரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

மம்மி சேலை முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"டாக்டர் சீட் கிடைக்கலைன்னு என் மக அழுதா. நானும் அழுதேன். மூணு வருஷம் முழங்கால்ல நின்னு ஜெபிச்சேன். கர்த்தர் அவளை விஞ்ஞானிங்க நடுவுல உட்கார வெச்சிட்டாரு. சார் என்ன சொன்னாரு தெரியுமா? இவ்ளோ சுத்தமா வேலை செஞ்ச பிள்ளைய பார்த்ததே இல்லன்னாரு. ஸ்தோத்திரம்!"

"ஸ்தோத்திரம்!" என்று ஹால் அதிர்ந்தது. பாஸ்டரின் மனைவி அன்னா ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜூலியா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் காலை அவளை லேபில் விட என் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஏரி ரோட்டில் போனேன். வேலியோரம் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜூலியா வண்டியை நிறுத்தச் சொன்னாள். கரையோரம் மீன்கள் கும்பலாக மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டித் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பருந்துகளுக்குக் கொண்டாட்டம். வாக்கிங் வந்த ஒருவர், "தினா இதே கதெ" என்று கன்னடத்தில், தினமும் இதே கதைதான் என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறினால் எல்லாம் உள்ளே போய்விடும் என்று கை காட்டிவிட்டு நடந்தார்.

"நாமும் தினமும் பார்த்தோம் இல்ல?" என்றாள் ஜூலியா.

"பார்த்தோமே. பொரி கேக்குதுங்கன்னு நான்கூட சொன்னேன்."

"மூச்சு முட்டுது ரயான். அதுங்களுக்கு மூச்சு முட்டுது. ஏழு இருந்தா ஏன் மூச்சு முட்டணும்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த ஏழு என்று கேட்டேன். அங்கேயே வேலியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். குழாயில் பார்த்தது ஒன்று, வாயால் சொன்னது ஒன்று என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எனக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. வெயிலில் கயிறு பிடித்தவன் நான். கஸ்டமரிடம் திட்டு வாங்கினவன் நான். அத்தனையும் இவள் வாயில் போட்டு மென்று துப்பியிருக்கிறாள்.

"ஏண்டி, பொய்யா சொன்னே?"

"அதான் தெரியல. பொய் சொன்னேனா, தப்பைத் திருத்தினேனான்னே தெரியல. பொய்னு தெரிஞ்சா போய் சார்கிட்ட சொல்லிடுவேன். என் கைதான் தப்புன்னா சும்மா இருந்துடுவேன். எது எதுன்னு புரிஞ்சாத்தானே?"

அன்றைக்கு அவள் லேபுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று அனுஷாவுக்குச் சொல்லிவிட்டாள். பாட்டில் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. வெயில் உச்சிக்கு வந்ததும் ஏரிக்குப் போய் ஒரு பாட்டில் எடுத்தாள். மறுநாள் காலை ஒன்று எடுத்தாள். இந்தத் தடவை குமிழி போகிறதா என்று என்னையும் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்க்கச் சொன்னாள். ஒரு குமிழியும் போகவில்லை. இரண்டு பாட்டிலையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். ஒன்று மோர், ஒன்று டிகாஷன்.

"கை தப்பு இல்ல. அது அப்படித்தான் இருக்கு. ஏன் அப்படி இருக்குன்னு தெரியல, ஆனா அப்படித்தான் இருக்கு" என்றாள்.

மம்மி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். விஷயம் தெரிந்ததும் ஜூலியாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"இப்ப போய் சொன்னா அந்த சார் சும்மா விடுவாரா? அத்திபெலே வேலையும் நான் வேணாம்னுட்டேன். ரெண்டும் போயிடும்டி. சொல்லாத. ஏரி வேலைய மூடிட்டாரு இல்ல? யாருக்கும் தெரியப்போறதில்ல. இனிமே ஒழுங்கா செய்."

"மம்மி, அவர் என்னை எடுத்ததே அந்த நம்பரைப் பார்த்துத்தான்."

"சபையில எழுந்து நின்னு சொன்னவ நான்! அதை எப்படி நான் திரும்ப எடுக்கிறது? சொல்லு பார்க்கலாம்!"

எனக்கு ஒரு நிமிஷம் மம்மி சொல்வது நியாயமாகப்பட்டது, மறு நிமிஷம் அந்த மீன்களின் வாய் ஞாபகத்துக்கு வந்தது. இத்தனை வருஷம் இவள் குழப்பத்தைக் கிண்டல் செய்தவன், அன்றைக்கு நானே அதில் மாட்டிக்கொண்டு முழித்தேன். வேண்டாம் என்று அவளைத் தடுக்கவும் தைரியம் இல்லை, போ என்று சொல்லவும் தைரியம் இல்லை.

டாடி அதுவரை ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டிலும் சரி, சபையிலும் சரி, அவர் வாயைத் திறப்பது அபூர்வம். எழுந்து டூல்ஸ் பையைத் தோளில் மாட்டினார்.

"போறதுன்னா அந்த ரெண்டு பாட்டிலையும் எடுத்துக்கினு போ. வாயால சொன்னா நீ உளறுவே" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அது போ என்று சொன்னதா, போகாதே என்று சொன்னதா என்று மம்மிக்கும் ஜூலியாவுக்கும் ஒரு சண்டை நடந்தது. கடைசியில் ஜூலியா பாட்டில்களைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு என் பைக்கில் ஏறினாள். வழி முழுக்க, திரும்பிடலாமா என்று ஒவ்வொரு சிக்னலிலும் கேட்டாள். பச்சை விழுந்தால் வண்டியை எடுத்தேன்.

நான் வெளியே மரத்தடியில் நின்றேன். உள்ளே நடந்ததை அவள் சொன்னபடி சொல்கிறேன்.

நஞ்சுண்டா சார் மேசையில் இரண்டு பாட்டிலையும் வைத்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தார்.

"எப்போ எடுத்தே?"

"டார்க்கா இருக்கிறது நேத்து மதியம், சார். வெள்ளையா இருக்கிறது இன்னிக்கு காலையில. எப்பவும் இப்படித்தான் சார் வந்துச்சு. ரெண்டு, பதிமூணு. நான்தான் கூட்டி ரெண்டால வகுத்து ஏழுன்னு சொன்னேன். அனுஷாகிட்ட நான்தான் சொன்னேன்."

கதவருகில் நின்ற அனுஷாவின் முகம் வெளுத்துவிட்டது. "முதல் நாள் கரெக்டா சொன்னா சார். நான்தான் குமிழின்னு சொல்லிட்டேன்" என்றாளாம். அந்தப் பெண்ணை நான் அதற்கு மதிக்கிறேன். சும்மா இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

சார் டிகாஷன் பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அப்புறம் சொன்னார்.

"ஏரி ஏன் பச்சையா இருக்கு? பாசி. பகல்ல வெயில் பட்டா பாசி ஆக்ஸிஜனை விடுது, தண்ணி தாங்குற அளவுக்கு மேல விடுது. ராத்திரி அதே பாசி எல்லாத்தையும் இழுத்துக்குது. விடியும்போது மீனுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. இதைத்தாம்மா நான் ரெண்டு வருஷமா தேடினேன். நீ அதைக் கையில வெச்சுக்கிட்டு, கூட்டி ரெண்டால வகுத்துட்டே."

சார் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நிஜ நம்பர் எங்கே?"

"இல்ல சார். எழுதி வெக்கல. எந்த நாள் எவ்ளோன்னு ஞாபகம் இல்ல."

அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாராம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றாள். கண்ணைத் திறக்காமலே, ஜூலை மாத இடம் உனக்குக் கிடையாது, எண்ணை மாற்றுகிற ஆளை நான் வேலைக்கு வைக்கமுடியாது என்று மெதுவாகச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டுத் துண்டை மடித்தாள். கதவைத் தாண்டும்போது பின்னால் அவர் அனுஷாவிடம் பேசினது காதில் விழுந்தது.

"அந்த பாட்டில் பெட்டியை இவகிட்டேர்ந்து திரும்ப வாங்காதே. மழை வந்தா ஏரித் தண்ணி மாறிடும், அப்புறம் இந்த நம்பர் கிடைக்காது."

வெளியே வந்தவளிடம் என்னாச்சு என்று கேட்டேன்.

"இடம் போச்சு."

"அப்புறம்?"

"பெட்டியை வெச்சுக்கச் சொன்னார்."

"அப்படின்னா? மறுபடி வரச் சொல்றாரா? துரத்துறாரா?"

"தெரியல ரயான்" என்றாள். மரத்தடியில் நின்று அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. சிக்னலில் நான் திரும்பியிருந்தால் இடம் தப்பியிருக்கும் என்று ஒரு மனசு என்னைத் திட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டில் அந்த வாரம் முழுக்க மம்மி யாரிடமும் சரியாகப் பேசவில்லை. குக்கர் மூடியை வைக்கிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. ஆனால் காலையில் ஏரிக்குக் கிளம்புகிற ஜூலியாவுக்கு டிஃபன் பாக்ஸ் மட்டும் வாசலில் தயாராக இருக்கும். ஆமாம், அவள் கிளம்பினாள். யாரும் வரச் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பாட்டில் எடுத்துப் போனாள், லேபில் அதே மூலையில் நின்று அளந்தாள். அனுஷா அடித்துக்கொண்டாள். இந்தத் தடவை அனுஷாவும் எழுந்து வந்து குழாயைப் பார்த்துவிட்டு அடித்தாள். சார் ஜூலியா பக்கம் திரும்பவே இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சபைக்குப் போக மம்மி தயங்கினாள். ஆனாலும் போனாள். சாட்சி நேரத்தில் யாருக்கோ வீட்டு மனை அமைந்தது, யாருக்கோ காய்ச்சல் விட்டது. எல்லாம் வழக்கம்போல முடிந்தது, ஹாலும் வழக்கம்போல ஸ்தோத்திரம் சொன்னது. மம்மி எழுந்துவிட்டாள். அன்னா ஆன்ட்டி சிரித்த முகமாகத் திரும்பினார். இன்னொரு நல்ல செய்தி என்று நினைத்திருப்பார்.

"போன வாரம் நான் ஒண்ணு சொன்னேன்" என்று மம்மி தொடங்கினாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "சுத்தமா வேலை செஞ்சான்னு சொன்னேன். அது உண்மையில்ல. அவ நம்பரை மாத்திட்டா. அப்புறம் அவளே போய் சார்கிட்ட சொல்லிட்டா. அந்த இடம் போச்சு. இன்னொரு வேலை இருந்துச்சு, அதை நானே விட்டேன். இப்ப அவகிட்ட ஒண்ணும் இல்ல. எனக்கு சந்தோஷமா இருக்கா, துக்கமா இருக்கா, அதுவும் தெரியல. போன வாரம் சொன்னது தப்பா நின்னுடக்கூடாதுன்னு சொன்னேன்."

கடைசியில் சொல்லவேண்டிய வார்த்தை அவள் வாயில் வரவில்லை. அப்படியே நின்றாள். ஒன்றும் கிடைக்காமல் ஒரு சாட்சி அங்கே யாரும் சொன்னதில்லை. அதற்கு என்ன பதில் சொல்வது என்று பாஸ்டருக்கே தெரியவில்லை.

"ஸ்தோத்திரம்" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. தனியாக, கரகரவென்று. டாடி. சபையில் அவர் வாயைத் திறந்து நான் கேட்டதே இல்லை.

அதற்குப்பிறகு அங்கொன்று இங்கொன்றாகச் சில குரல்கள் சேர்ந்தன. மம்மி இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தாள், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. ஜூலியா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவளும்தான் அழுதுகொண்டிருந்தாள்.

"உட்காரும்மா" என்றாள் மெதுவாக. "பாஸ்டர் மெசேஜ் குடுத்து முடிச்சதும் நான் ஓடணும். மதியத்துத் தண்ணி எடுக்கணும்."